டங்ஸ்டன் மாப்பிள்ளை

"இன்னும் கொஞ்சம் இழுடா!" என்றான் மம்தூஹ்.

"இதுக்கு மேல இழுத்தா மோதிரம் வராது, நீதான் வருவே," என்றான் ஃபத்ஹி.

ஃபத்ஹி, மம்தூஹின் சித்தப்பா மகன். மாப்பிள்ளைத் தோழன் என்ற பதவி அவனுக்குக் கிடைத்ததற்குக் காரணம், குடும்பத்திலேயே கார் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். இப்போது அவன் ஒரு காலைக் குளியல்தொட்டியின் விளிம்பில் ஊன்றி, இரண்டு கைகளாலும் மம்தூஹின் வலக்கை மோதிர விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அந்த விரலில் முதலில் சோப்பு தடவப்பட்டது. சோப்பின் மேல் ஆலிவ் எண்ணெய். அதன் மேல், அம்மா இனிப்பு கிளறுவதற்காக ஒளித்து வைத்திருந்த நெய். விரல் கமகமவென்று மணந்தது. மோதிரம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"தேன் தடவிப் பார்க்கலாமா?" என்றான் ஃபத்ஹி.

"தேன் ஒட்டுமேடா."

"ஒட்டட்டும். எறும்பு வந்தா நீயே கழட்டிடுவே."

மம்தூஹுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலை, அஸர் தொழுகை முடிந்த கையோடு அவனுக்குத் திருமண ஒப்பந்தம். நிச்சயதார்த்தத்தில் வலக்கையில் ஏறிய மோதிரத்தை, ஒப்பந்தம் முடிந்ததும் மணமகள் தன் கையாலேயே கழற்றி மாப்பிள்ளையின் இடக்கையில் போட வேண்டும். கெய்ரோவில் எல்லா வீட்டிலும் அது வழக்கம். மம்தூஹின் மாமியாராகப் போகும் தௌலத் அத்தையின் வீட்டில் அது சட்டம். அவருடைய தங்கை மகன் கல்யாணத்தில் அவசரத்தில் மோதிரத்தை மாற்ற மறந்துவிட்டார்களாம். ஒரே வருடத்தில் அந்தக் கல்யாணம் முறிந்துபோனது. முறிந்ததற்கு வேறு ஆயிரம் காரணம் இருந்தது; அத்தை அவற்றில் ஒன்றைக்கூட ஏற்கவில்லை.

"மோதிரம் வலக்கையில இருக்குற வரைக்கும் ஒருத்தன் நிச்சயம் பண்ணவன். அவ்வளவுதான். புருஷன் இல்ல," என்று அவர் முந்தின வாரம்கூடச் சொல்லியிருந்தார். "புருஷன் இல்லாதவன்கூட என் பொண்ணை நான் அனுப்ப மாட்டேன். கல்யாணத்தைப் பதிவு பண்ற மஃதூன் எழுதிக் குடுத்தாலும் சரி, மந்திரியே எழுதிக் குடுத்தாலும் சரி."

ஆகவே இந்த மோதிரம் கழன்றால் மம்தூஹுக்குக் கல்யாணம். கழலாவிட்டால், இரவு மறுபடியும் அம்மா வீட்டுக் கட்டில்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. நடந்தது எதுவும் மணமகள் இனாஸுக்குத் தெரியக் கூடாது. ஏனென்றால் இப்படி ஆகும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

மம்தூஹ் படித்தது வணிகவியல். விற்பது குடிநீர் வடிகட்டி. ஆனால் சட்டைப் பையில் எந்நேரமும் ஓர் அளவுகோலைச் செருகியிருப்பான்; எதைச் சொன்னாலும் "தொழில்நுட்ப ரீதியா பார்த்தா" என்றுதான் தொடங்குவான். அதனால் தெருவில் எல்லோரும் அவனை இஞ்சினியர் என்றே கூப்பிட்டார்கள். பலர் அன்போடு கொடுத்த பட்டத்தை மறுப்பது மரியாதையல்ல என்று அவனும் விட்டுவிட்டான். நாளடைவில் அவனே அதை நம்பிவிட்டான்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்பு, நகைக்கடைத் தெருவில் நஸீஃப் அண்ணாச்சியின் கடையில் இரண்டு குடும்பமும் கூடியது. பெண்ணுக்குத் தங்கம் பார்த்தாகிவிட்டது. மார்க்கப்படி ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்பதால், நஸீஃப் வழக்கம்போல் வெள்ளி மோதிரத் தட்டை எடுத்து முன்னால் வைத்தார். கோப்டிக் கிறிஸ்தவரான நஸீஃப், அந்தத் தெருவின் பாதி மாப்பிள்ளைகளுக்கு மோதிரம் செய்தவர். மம்தூஹ் அந்தத் தட்டை ஒற்றை விரலால் ஓரமாகத் தள்ளினான்.

"வெள்ளி நேத்தைய உலோகம் அண்ணாச்சி. தொழில்நுட்ப ரீதியா பார்த்தா, அது உலோகமே இல்ல, ஒரு மென்மையான எண்ணம்."

"பிளாட்டினம் பார்க்கலாமா?" என்றார் மாமனார், ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஷுக்ரி.

"அது பணக்காரக் கிழவங்களுக்கு மாமா."

பிரிகேடியர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் வயிற்றை உள்ளே இழுத்தார்.

"டைட்டானியம்?"

"போன வருஷத்து மோஸ்தர். எனக்கு டங்ஸ்டன்! ராக்கெட்ல வைக்கிற சாமான். கீறல் விழாது, வளையாது, உலகத்துல எந்த ரம்பமும் அதை அறுக்காது. என் காதல் மாதிரி!"

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் இனாஸைப் பார்த்தான். இனாஸ் பல் மருத்துவர். உலோகங்களை மனிதர் வாய்க்குள் வைத்துப் பார்த்துப் பழகியவள். அவள் நெகிழவில்லை.

"விரல் வீங்கிக்கிச்சுன்னா?" என்றாள்.

"என் விரல் என்ன, ரொட்டி மாவா, வீங்குறதுக்கு?"

"சிக்கிக்கிச்சுன்னா அறுத்து எடுக்கணுமே. வெள்ளின்னா அறுக்கலாம்."

"டாக்டர் அம்மா, பல்லு விஷயம்னா நான் வாயைத் திறந்துக்கிட்டு கம்முனு இருப்பேன். உலோகம் என் துறை. என்கிட்ட விட்டுடு."

இனாஸ் நஸீஃபை ஒரு பார்வை பார்த்தாள். நஸீஃப் தன் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை மோதிரம் பெண் வீட்டுச் செலவு என்பதால், பத்துப் பதினைந்து நாள் கழித்து இனாஸே போய் மோதிரத்தை வாங்கி வந்தாள். கருஞ்சாம்பல் நிறத்தில், கண்ணைப் பறிக்கும்படி இருந்தது.

அன்றிலிருந்து மம்தூஹின் கால் தரையில் படவில்லை. காபிக் கடையில் மேசையைத் தட்டினால் மோதிரக் கையால்தான் தட்டினான். வடிகட்டி வாங்க வந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாதியும், டங்ஸ்டனைப் பற்றிப் பாதியும் விளக்கினான். ஒருநாள் ஃபத்ஹி மோதிரத்தை உற்றுப் பார்த்து, "கீறல் விழுந்திருக்கே?" என்று கேட்டபோது மம்தூஹ் இரக்கத்தோடு சிரித்தான்.

"அது கீறல் இல்லடா. ஒளிச்சிதறல். சாதாரணக் கண்ணுக்குக் கீறல் மாதிரித் தெரியும்."

மோதிரத்தைப் பற்றி யோசித்தவன் விரலைப் பற்றி யோசிக்கவில்லை. நிச்சயமான மாப்பிள்ளையை வெறும் வயிற்றோடு வீட்டுக்கு அனுப்புவது தௌலத் அத்தைக்குத் தெரியாத காரியம். வாரம் தவறாமல் அரிசி அடைத்த புறாக்கள், திராட்சை இலைச் சுருட்டல்கள், வாத்துக்கறி, கரண்டியில் ஒட்டிக்கொண்டு நீளும் முளுகியாக் கீரை. "சாப்பிடு மாப்ளே, எலும்பா இருக்கே" என்பார். மாப்பிள்ளை எலும்பாக இல்லாமல்போய்ப் பல வாரங்கள் ஆகிவிட்டிருந்தன. கன்னம் ஊதியது, கழுத்து ஊதியது, கால்சட்டை இரண்டு முறை தையற்காரனிடம் போய் வந்தது. ரொட்டி மாவு அல்லாத அந்த விரலும் சத்தமில்லாமல் ஊதியிருந்தது.

"வா, நஸீஃப் கடைக்கே போவோம்," என்றான் ஃபத்ஹி, கையில் இருந்த நெய்யை மம்தூஹின் துண்டில் துடைத்தபடி. "வித்தவருக்குக் கழட்டத் தெரியாதா?"

நஸீஃப் கடையில் இல்லை. மகள் வீட்டுக்கு அலெக்சாண்டிரியா போயிருந்தார். ரயிலில் நேராகக் கல்யாண வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாராம். கைபேசியில் அழைத்துப் பார்த்தார்கள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடையில் அவருடைய தம்பி வதீஃ இருந்தார். விரலைப் பார்த்தார். நெய்வாசனையை முகர்ந்தார். ஒன்றும் கேட்காமல் இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன ரம்பத்தை எடுத்தார்.

"கையை மேசைமேல வைங்க. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சிடும்."

மம்தூஹ் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"என்ன பண்றீங்க?"

"அறுக்குறேன்."

"இதையா? இந்த ரம்பத்தாலயா?" மம்தூஹுக்கு வலி மறந்து, அதற்குப் பதிலாக விரிவுரை வந்தது. "இது டங்ஸ்டன் அண்ணே! உங்க ரம்பத்துக்குத்தான் பல்லு போகும். தொழில்நுட்ப ரீதியா பார்த்தா, இதோட கடினத்தன்மை..."

"டங்ஸ்டனா?" வதீஃ புருவத்தைச் சுருக்கினார். "எங்க கடையில டங்ஸ்டன் விக்கிறோமா என்ன?"

"உங்க அண்ணன் எனக்காகத் தனியா வரவழைச்சாரு."

"என்கிட்ட சொல்லலியே."

"எல்லாரும் எல்லாத்தையும் தம்பிகிட்டச் சொல்றாங்களா?"

ஃபத்ஹி குறுக்கே வந்தான். "சும்மா ஒரு தடவை அறுத்துத்தான் பார்க்கட்டுமே மம்தூஹ்!"

"அவரோட ரம்பம் உடைஞ்சா யார் பதில் சொல்றது? அறிவியல் தெரிஞ்சவன் நான் பக்கத்துல இருந்துக்கிட்டு அதை அனுமதிக்க முடியாது."

வதீஃ ரம்பத்தைத் துடைத்து மறுபடியும் உள்ளே வைத்தார். "அப்போ நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல. பனிக்கட்டியில வெச்சுப் பாருங்க. வீக்கம் அடங்குனா கழலும்."

அந்தத் தெருவில் பனிக்கட்டிக்கு மீன் கடையை விட்டால் நாதியில்லை. மீன்காரர் நல்லவர். ஒரு பெட்டியில் கெளுத்திகளைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு மாப்பிள்ளையின் கைக்கு இடம் செய்துகொடுத்தார். கல்யாணத்துக்கென்று சலவை செய்த சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, மம்தூஹ் கெளுத்திகளோடு கைகோத்து நின்றான். வருகிற போகிறவர்கள் விலை கேட்டார்கள்.

"வீக்கம் அடங்குச்சா?" என்றான் ஃபத்ஹி.

"தெரியல. விரல் இருக்குற மாதிரியே தெரியல."

எடுத்துப் பார்த்தார்கள். விரல் நீலமாக இருந்தது. நெய்யும் மீனும் சேர்ந்து விநோதமாக நாறியது. பனிக்கட்டியை நம்பி ஃபத்ஹி ஒரு திருகு திருகினான். தோல் உரிந்தது. உரிந்த எரிச்சலில் விரல் முன்னைவிடத் தாராளமாக வீங்கத் தொடங்கியது.

"ஆஸ்பத்திரி," என்றான் ஃபத்ஹி.

"இனாஸுக்குத் தெரிஞ்ச டாக்டர் யாராவது இருந்துட்டா?"

"அவளுக்குத் தெரிஞ்சவங்கல்லாம் பல்லு பார்க்குறவங்கடா. நீ வாயை மூடிக்கிட்டு விரலை மட்டும் காட்டு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் கைகாரி. விரலைப் பார்த்ததும் அலமாரியைத் திறந்து, பல் சக்கரம் பொருத்திய ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்தார். மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே நாக்கு மாதிரி ஒரு தகட்டைச் செருகிச் சக்கரத்தைச் சுற்றினால் மோதிரம் அறுபட்டுவிடும்.

"தினம் நாலஞ்சு பேர் வர்றாங்க. அதிலயும் மாப்பிள்ளைங்கதான் நிறைய," என்றார் நர்ஸ், தகட்டைச் செருகியபடி. "என்ன, வெள்ளிதானே?"

அந்தக் கேள்வி மம்தூஹின் நெஞ்சில் தைத்தது. உலகம் முழுவதும் தன்னை ஒரு வெள்ளிக்காரனாக நினைப்பதை அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"சிஸ்டர்," என்றான், "டங்ஸ்டன்."

நர்ஸ் உடனே கருவியை வெளியே எடுத்துவிட்டார். "முன்னாடியே சொல்லக் கூடாதா? சக்கரம் மழுங்கிப்போயிருக்கும். ஆஸ்பத்திரியில இருக்கிறதே இது ஒண்ணுதான்."

"அதைத்தான் நானும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றான் மம்தூஹ், பெருமையோடு.

"டங்ஸ்டனை அறுக்கக் கூடாது. நசுக்கணும். கவ்வுனா விடாத பெரிய குறடு இருக்கு. அதை வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குனா கண்ணாடி மாதிரிப் பொலபொலன்னு உடைஞ்சு விழுந்துடும். எங்ககிட்ட அந்தக் குறடு இல்ல. கார் ரிப்பேர் கடையில இருக்கும், போங்க. கையைத் தூக்கியே வெச்சிருங்க."

கையைத் தூக்கியபடியே மம்தூஹ் காரில் ஏறினான். ரம்ஸீஸ் சாலையின் நெரிசலில், பக்கத்து வண்டிக்காரர்கள் அவன் தங்களுக்குத்தான் வணக்கம் சொல்கிறான் என்று நினைத்து அவர்களும் கையை உயர்த்தினார்கள்.

கார் ரிப்பேர் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும், அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த வண்டியை விட்டுவிட்டு எழுந்து வந்தார். "இஞ்சின்ல சிக்குன பேரிங்கையே எடுத்திருக்கேன். இது என்ன பெரிய விஷயம்?" என்று குறடை மோதிரத்தில் மாட்டினார். திருகை ஒரு சுற்று இறுக்கினார்.

"உடைஞ்சுதா?" என்றான் ஃபத்ஹி.

"இன்னும் இல்ல."

இன்னொரு சுற்று. மம்தூஹ் பல்லைக் கடித்தான். இன்னும் ஒன்று. மம்தூஹ் ஃபத்ஹியின் தோளைக் கடித்தான்.

"விடுங்க! விடுங்க!" என்று அலறியது ஃபத்ஹி.

குறடை எடுத்துப் பார்த்தார்கள். மோதிரம் உடையவில்லை. வட்டமாக இருந்தது இப்போது முட்டை வடிவத்தில் இருந்தது. அதற்குமுன் சுற்றவாவது செய்த மோதிரம், இப்போது இரண்டு பக்கமும் விரலைக் கவ்விக்கொண்டு இடுக்கி மாதிரி நின்றது. விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

"கண்ணாடி மாதிரி உடையும்னு சொன்னாங்களே!" என்றான் ஃபத்ஹி, தோளைத் தடவிக்கொண்டே. "இது என்னடா, அலுமினியத் தட்டு மாதிரி நெளிஞ்சிருக்கு?"

மம்தூஹின் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. ஆனாலும் அந்த நீருக்குப் பின்னால் ஒரு சுடர் எரிந்தது.

"சாதாரண டங்ஸ்டன்தான் உடையும். இது உயர் ரகம். நெளிஞ்சு கொடுக்குதே தவிர உடையல பார்த்தியா? இப்படி ஒரு டங்ஸ்டன் இருக்குறது அந்த நர்ஸுக்கே தெரியல."

"கேஸ் வெச்சு ஊதிப் பார்க்கட்டுமா?" என்றார் கடைக்காரர், ஆர்வத்தோடு.

இருவரும் காருக்கு ஓடினார்கள்.

ஹீலியோபோலிஸில் பிரிகேடியரின் வீட்டு வாசலில் வண்ண விளக்குகளைப் பகலிலேயே எரியவிட்டிருந்தார்கள். மம்தூஹ் ஒரு பெரிய மலர்க்கொத்தை வாங்கி, அதற்குள் வலக்கையைப் புதைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். வந்தவர்கள் எல்லோரும் கை நீட்டினார்கள். அவன் எல்லோருக்கும் இடக்கையைக் கொடுத்தான்.

"என்ன மாப்ளே, இடக்கையைக் குடுக்கிறே?" என்றார் பிரிகேடியர். ராணுவத்தில் இருந்தபோது, கைகுலுக்கும் அழுத்தத்தை வைத்தே ஆளை எடைபோட்டவர் அவர்.

"வலக்கை உங்களுக்குன்னே வெச்சிருக்கேன் மாமா. அந்த நேரத்துக்கு."

பதில் பிரிகேடியருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பின்னால் நின்ற ஃபத்ஹி மட்டும் கண்ணை மூடிக்கொண்டான். ஒப்பந்தத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் வலக்கை கோக்கும் அந்த நேரம் அவனுக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

"ஒரு வாய் சாப்பிடு மாப்ளே," என்று தௌலத் அத்தை ஒரு புறாவோடு வந்தார்.

"வேணாம் அத்தே."

"கல்யாண நாளும் அதுவுமா வெறும் வயிறா? கையை நீட்டு. என்ன அது, பூவை எதுக்குக் குழந்தை மாதிரி இடுக்கிக்கிட்டு நிக்கிறே? குடு இப்படி."

"இது இனாஸ் கையிலதான் குடுப்பேன்."

"அடேயப்பா! என்ன ஒரு பாசம்!" என்று அத்தை உருகினார். பிறகு மூக்கைச் சுளித்தார். "ஆனா பூ ஏன் மீன் நாத்தம் அடிக்குது?"

"புது ரகப் பூ அத்தே," என்றான் ஃபத்ஹி. "கடலோரத்துல வளருது."

நல்லவேளை, அதற்குள் ஒப்பந்தம் செய்துவைக்கும் மஃதூன் வந்துவிட்டார். வெள்ளைத் தாடி, தங்க விளிம்பு மூக்குக்கண்ணாடி, அடுத்த கல்யாணத்துக்குப் போகிற அவசரம். மாப்பிள்ளையை ஒரு பக்கமும் பிரிகேடியரை எதிர்ப்பக்கமும் உட்கார வைத்தார். பெண்கள் கதவோரம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இனாஸ் உள்ளறையில், அழைப்புக்காகக் காத்திருந்தாள்.

"ரெண்டு பேரும் வலக்கையைப் பிடிச்சுக்குங்க," என்றார் மஃதூன், கோத்த கைகளின்மேல் போர்த்தும் வெள்ளைக் கைக்குட்டையை உதறியபடி.

மம்தூஹ் மலர்க்கொத்திலிருந்து கையை உருவினான். யார் கண்ணிலும் படும் முன்பே அதைக் கைக்குட்டைக்கு அடியில் சொருகினான். பிரிகேடியர் பிடித்தார்.

பிரிகேடியருக்கு ஒரே மகள். அவளை ஒருவன் கையில் ஒப்படைக்கும் நேரம். மனது இளகிவிடக் கூடாது என்பதற்காக அவர் கையை இறுக்கினார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. உங்கள் மகளின் திருமணத்தை..." என்று மஃதூன் எடுத்துக்கொடுத்தார்.

"உங்கள் மகளின் திருமணத்தை..."

"நான் ஏற்றுக்கொண்டேன்."

"நான் ஏற்றுக்கொ... ஐயோ! ஐயையோ! அம்மா!"

மஃதூன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மாப்பிள்ளை, உங்களை யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

"இல்ல ஷேக்!"

"பயப்படாம சொல்லுங்க. கட்டாயத்துல நடக்கிற கல்யாணத்தை நான் எழுத மாட்டேன்."

"என் மகளைக் கட்ட ஒருத்தனைக் கட்டாயப்படுத்தணுமா?" என்று உறுமினார் பிரிகேடியர். உறுமியதில் பிடி இன்னும் இறுகியது.

"ஆஆ! மாமா! கட்டாயம் இல்ல! சந்தோஷம்! சந்தோஷத்துல கத்துறேன்!"

"முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலியே," என்றார் மஃதூன்.

"எனக்குச் சந்தோஷம் வந்தா முகம் இப்படித்தான் ஆகும். ஃபத்ஹியைக் கேளுங்க!"

"ஆமா ஷேக்," என்றான் ஃபத்ஹி. "சின்ன வயசுல இருந்தே."

மஃதூன் சந்தேகத்தோடு மறுபடியும் எடுத்துக்கொடுத்தார். மம்தூஹ் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முழு வாக்கியத்தையும் ஒரே கத்தலாகக் கத்தி முடித்தான். அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். இவ்வளவு உரக்க ஏற்றுக்கொண்ட மாப்பிள்ளையைத் தான் பார்த்ததில்லை என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் குலவையிட்டார்கள். கையெழுத்துகள் விழுந்தன. உள்ளறைக் கதவு திறந்து, வெள்ளுடையில் இனாஸ் வந்தாள். மம்தூஹ் மலர்க்கொத்தை இடக்கையால் அவளிடம் நீட்டிவிட்டு, வலக்கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு பழைய காலத்துச் சேனாதிபதி மாதிரி நின்றான்.

"ம், மோதிரத்தை மாத்து," என்றார் தௌலத் அத்தை.

"அத்தே, தொழில்நுட்ப ரீதியா பார்த்தா, கல்யாணம் முடிஞ்சுபோச்சு..."

"கையை வெளியே எடு மாப்ளே."

"நாளைக்கு..."

"எடு!"

மம்தூஹ் கையை எடுத்தான். முன்வரிசையில் ஒரு பெண் தன் குழந்தையின் கண்ணை மூடினாள். வீங்கி, ஊதா நிறமேறி, நெய் மின்ன, முட்டை வடிவ வளையம் ஒன்றைக் கவ்விக்கொண்டிருந்தது அந்த விரல்.

"இதையா நான் பிடிச்சேன்?" என்றார் பிரிகேடியர், வேட்டையில் அடிபட்ட ஏதோ பிராணியைத் தொட்டதுபோல் தன் கையைத் துடைத்துக்கொண்டே.

அத்தை மகளின் முன்னால் வந்து நின்றார். "மோதிரம் மாறாம இவ இந்த வீட்டு வாசலைத் தாண்ட மாட்டா. சொல்லிட்டேன்."

மம்தூஹ் அத்தையைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். கடைசியில் இனாஸைப் பார்த்தான். நாள் முழுவதும் வாயில் தயாராக இருந்த விரிவுரை, அவளைப் பார்த்ததும் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

"இனாஸ்," என்றான். "நீ சொன்னதுதான் சரி. சிக்கிக்கிச்சு. காலையில இருந்து ஊர் முழுக்க அலைஞ்சுட்டேன். ரம்பம் வெச்சிருந்தவரை நான்தான் வேணாம்னேன். ஆஸ்பத்திரியில சக்கரம் எடுத்துட்டு வந்தாங்க, அதையும் வேணாம்னேன். டங்ஸ்டன், அறுக்க முடியாதில்ல? குறடு போட்டு நசுக்கியும் பார்த்தாச்சு. எனக்கு உலோகமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. நான் இஞ்சினியரே இல்ல. தண்ணி வடிகட்டி விக்கிறவன்."

"அது எங்க எல்லாருக்கும் தெரியுமே," என்றார் பிரிகேடியர்.

"விரல் போனாலும் பரவாயில்ல. உன்னை விட்டுட்டுப் போக மாட்டேன்."

இனாஸ் மலர்க்கொத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின.

"பாரு, புள்ள எப்படி அழுவுறா!" என்று அத்தைக்கும் கண் கலங்கியது.

"மம்தூஹ்," என்றாள் இனாஸ், பூக்களுக்குப் பின்னாலிருந்து, மூச்சுத் திணற. "நான் உன்கிட்ட ஒண்ணு..."

அவளால் முடிக்க முடியவில்லை. அதற்குள் வாசலில் சலசலப்பு. கையில் இனிப்புப் பெட்டியும், சட்டையெல்லாம் ரயில் தூசியுமாக நஸீஃப் அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் விரலைப் பார்த்தார். நெளிந்த மோதிரத்தைப் பார்த்தார். கையிலிருந்த பெட்டியை அப்படியே ஃபத்ஹியிடம் கொடுத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! டங்ஸ்டன் வேணாம், வெள்ளியில பண்ணி மேல சாம்பல் பூச்சு பூசிக் குடுங்கன்னு வாங்கிட்டுப் போனியே டாக்டர் அம்மா, இன்னுமா இவர்கிட்டச் சொல்லல?"